ஒரு சொட்டும் விழாத கூட்டம்

எங்கள் சமுதாயக் கல்லூரியின் நிர்வாகக் குழுவில் எனக்கு இடம் கிடைத்தது தகுதியால் அல்ல. குழுவில் பழைய மாணவர் ஒருவர் இருக்க வேண்டும் என்று விதி. என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் திருப்பூர், கோயம்புத்தூர் என்று இறங்கிப் போய்விட்டார்கள். மீதி இருந்தவர்களில் கூப்பிட்டால் போனை எடுக்கிறவன் நான்தான். அப்படித்தான் மெம்பர் ஆனேன். அப்பா இரண்டாம் வகுப்போடு நின்றவர். அம்மா பள்ளிக்கூட வாசலைப் பார்த்ததே என்னைச் சேர்க்கப் போனபோதுதான். அதனால் எங்கள் வீட்டில் இது சின்னச் செய்தியாக இருக்கவில்லை. "எம் மகன்தான் இப்ப காலேஜையே நடத்துறான்" என்று தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் அம்மா சொல்லிவிட்டு வந்தாள். அடுத்த வாரமே இரண்டு பேர் தங்கள் பிள்ளைகளுக்கு சீட் கேட்டு வந்தார்கள். சீட்டெல்லாம் காலியாகத்தான் இருந்தது.

தோட்டத்தின் பெயரையும் தொகுதியின் பெயரையும் எழுதப் போவதில்லை. இடுக்கியில் தேயிலைக்கு நடுவே இருக்கிற ஊர் என்றால் போதும். கல்லூரி என்றதும் பெரிய கட்டிடத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். பஞ்சாயத்து கொடுத்த பழைய ரேஷன் குடோன், அதை ஒட்டி மூன்று அறைகள். தையல், மோட்டார் ரிப்பேர், ஹோட்டல் வேலை, நோயாளிப் பராமரிப்பு என்று நாலு படிப்பு. பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு, கீழே டவுனுக்குப் போய்ப் படிக்க வழியில்லாத தோட்டத்துப் பிள்ளைகளுக்காக ஆரம்பித்தது. நான் அங்கே ஹோட்டல் வேலை படித்துவிட்டு இப்போது குமுளியில் ஒரு விடுதியில் ரிசப்ஷனில் இருக்கிறேன். என் தங்கை நோயாளிப் பராமரிப்பில் சேர்ந்தாள். இரண்டு வருடப் படிப்பு. முழுதாக முடித்தால் ஆஸ்பத்திரி வேலைக்குப் போகலாம். ஒரு வருடத்தோடு நின்றால் அந்தச் சான்றிதழை எந்த ஆஸ்பத்திரியும் கையில் வாங்காது.

அந்த இரண்டாம் வருடம்தான் தகராறில் இருந்தது. முதல் வருடம் பாடம். இரண்டாம் வருடம் செய்முறை. நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பது, படுக்கைப்புண்ணுக்கு மருந்து கட்டுவது, மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி ஊற்றுவது எல்லாம் கையால் பழக வேண்டும். அதற்கென்று இருந்த அறையின் கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஓடு. ஜூன் மாதம் பிறந்தால் ஏழெட்டு இடத்தில் ஒழுகும். கட்டில் ஒன்றே ஒன்று, அதிலும் ஒரு கால் செங்கல். மேலிடத்திலிருந்து சோதனைக்கு வந்த அதிகாரிகள் தெளிவாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அறையைச் சரிசெய்தால் இரண்டாம் வருடம் இங்கே. இல்லாவிட்டால் டவுனில் இருக்கிற கல்லூரியோடு சேர்த்துவிடுவோம்.

டவுன் என்பது பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்கும் மேல். எங்கள் தோட்டத்திலிருந்து கிளம்புகிற முதல் பஸ் அங்கே போய்ச் சேரும்போது வகுப்பு தொடங்கியிருக்கும். விடுதியில் தங்க வைக்கலாம் என்றால், வயசுக்கு வந்த பெண்ணை வெளியே தங்கவிட எங்கள் லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், எந்த அம்மாவும் சம்மதிக்க மாட்டாள். என் அம்மாவும்தான். ஆக, கூரை ஒழுகினால் தங்கையின் படிப்பு முடிந்தது.

குழுவில் பணம் கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் தொண்டை வறண்டிருந்தது. கூட்டமெல்லாம் மலையாளத்தில் நடக்கும். எனக்கு மலையாளம் நன்றாகவே வரும். ஆனால் கோபம் மட்டும் தமிழில்தான் வரும், அதனால் பெரும்பாலும் வாயை மூடிக்கொண்டிருப்பேன். தலைவர் போஸ்ட் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். எதைச் சொன்னாலும் "ஆலோசிக்கலாம்" என்பார். அவர் வாயிலிருந்து வேறு வினைச்சொல் வந்து நான் கேட்டதில்லை. கடைசியில் பிரின்சிபல்தான் ஒரு வழி சொன்னார். கோட்டயம் பக்கத்தில் இருந்து வந்து எட்டு வருடமாக எங்களோடு மழையில் நனைகிற டீச்சர் அவர்.

"எழுதிக் கொடுத்தது போதும். எம்.எல்.ஏ.க்களை இங்கே வரவழைப்போம். கூட்டத்தை அந்த அறையிலேயே போடுவோம். மழைக்காலத்தில், பக்கெட்டுக்கு நடுவில் அவர்கள் அரைமணி நேரம் உட்காரட்டும். நாம் பேசவே வேண்டாம்."

எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. கல்லூரிக்கு இரண்டு தொகுதியிலிருந்தும் பிள்ளைகள் வருவதால் இரண்டு எம்.எல்.ஏ.க்களிடமும் கேட்கலாம். ஒருவர் எங்கள் மலைக்கு, மற்றவர் அடிவாரத்துக்கு. மேலே உள்ளவர், கீழே உள்ளவர் என்று வைத்துக்கொள்கிறேன். கட்சி எதுவென்பது இங்கே தேவையில்லை. ஆச்சரியமாக இருவருமே ஒரே நாளில் வர ஒத்துக்கொண்டார்கள். ஜூலையில் ஒரு திங்கட்கிழமை.

சனி, ஞாயிறு விடுதியில் கூட்டம் நெரியும், லீவு கிடையாது. திங்கள் காலையில்தான் நான் குமுளியில் பஸ் ஏறினேன். மழை விட்டுவிட்டுப் பெய்தது. இப்படி ஒருநாளும் மழையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டதில்லை.

கல்லூரி முக்குத் திரும்பியதும் எனக்கு இடம் தவறிவிட்டதோ என்று தோன்றியது. பாதையின் இரண்டு ஓரமும் சுண்ணாம்புக் கோடு. கோட்டின் மேல் கல் அடுக்கி, கல்லுக்கும் வெள்ளை. வாசலில் குலைதள்ளிய வாழை இரண்டு. சாக்கடை மண் வாரி, பலகை போட்டு மூடியிருந்தது. குடோன் சுவர் எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து பச்சைப் பாசி. அது பளீரென்று வெள்ளையாக நின்றது. உள்ளே போனேன். செய்முறை அறையில் நாலு கட்டில். நாலிலும் மடிப்புக் கலையாத வெள்ளை விரிப்பு. மூலையில் குளுக்கோஸ் பாட்டில் தொங்கவிடுகிற கம்பி. மேலே பார்த்தால் ஓட்டையும் இல்லை, ஓடும் இல்லை. தேயிலைச் சாக்கைப் பிரித்துத் தைத்து, சுண்ணாம்பு அடித்து, ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குக் கூரை மாதிரி இழுத்துக் கட்டியிருந்தார்கள். ஓட்டுக்கு மேலே தார்ப்பாய், அதற்கு மேல் பேக்டரியில் கழித்துப் போட்ட தகரம்.

அறை நடுவில் அப்பா நின்றிருந்தார். தலைமுடியில் சுண்ணாம்பு. பேக்டரியில் தேயிலை உலர்த்துகிற டிரையரில் இரவு வேலை பார்த்துவிட்டுத் தூங்காமல் வந்திருக்கிறார் என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

"வாலே," என்றார். "எப்பிடி இருக்கு?"

"என்னப்பா இது?"

"சனிக்கெழம மத்தியானம் ஆரம்பிச்சோம். லயத்துல இருந்து இருவது பேரு. ஒரு பய மொகம் சுளிக்கல. கட்டிலு தோட்டத்து ஆஸ்பத்திரியில கேட்டு வாங்குனது. நாளைக்குத் திருப்பிக் குடுக்கணும், காலு ஒடியக் கூடாதுன்னு டாக்டரு சொல்லியிருக்காரு."

"பக்கெட்டெல்லாம் எங்க?"

"பின்னாடி ஒளிச்சு வச்சிருக்கு. நீ பயப்படாத, ஒருத்தர் கண்ணுலயும் படாது."

தங்கை கட்டில் விரிப்பின் ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். ஒரு வருடமாகப் புத்தகத்தில் படம் பார்த்துப் படித்தவள், முதல் தடவையாக நாலு கட்டில் போட்ட அறையில் நிற்கிறாள். அப்போதுதான் பிரின்சிபல் டீச்சர் உள்ளே வந்தார். வாசற்படியிலேயே குடையை மடக்க மறந்து நின்றுவிட்டார். "எப்பிடி டீச்சர்?" என்றார் அப்பா. டீச்சர் என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், அப்பாவின் தலைமுடியைப் பார்த்தார். "நல்லா இருக்கு" என்று தமிழில் சொல்லிவிட்டு வெளியே போனார்.

தோட்டத்தில் வளராதவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். எங்களுக்கு அப்படி இல்லை. லயத்தில் இன்ஸ்பெக்ஷன் என்று ஒன்று உண்டு. மேனேஜர் வருகிறார் என்றால் முந்தின நாளே வீட்டுக்கு வீடு சொல்லிவிடுவார்கள். கோழியை அடைத்து, கிழிந்த துணியைக் கொடியிலிருந்து எடுத்து, உடைந்த கதவுக்கு முன்னால் ஆளை நிறுத்தி, வாசலுக்குச் சுண்ணாம்பு இழுப்போம். மேனேஜர் நடந்து போவார். எந்த வீட்டு வாசலில் அவர் நிற்கிறாரோ அந்த வீட்டுக்குத் திட்டு. நிற்காமல் போனால் நல்ல வீடு. கூரை பிய்ந்திருந்தால் அதை இன்னொரு நாள் ஆபீஸில் போய்க் கைகட்டி நின்று வாயால் சொல்ல வேண்டும். வருகிற பெரிய மனிதரின் கண்ணில் காட்டக் கூடாது. காட்டினால் அது அவரை அவமானப்படுத்துவது. மூன்று தலைமுறையாக இதுதான் மரியாதை. பக்கெட்டுக்கு நடுவில் எம்.எல்.ஏ.வை உட்கார வைப்பது என்ற திட்டத்தை டீச்சர் குழுவில் மட்டும் சொன்னார். லயத்துக்கு யாரும் சொல்லவில்லை. "எம்.எல்.ஏ. வாராரு" என்பது மட்டும்தான் அங்கே போய்ச் சேர்ந்தது.

தார்ப்பாயை இழுத்துவிடலாமா என்று டீச்சரிடம் கேட்டேன். அதற்குள் வாசலில் ஜீப் சத்தம்.

மேலே உள்ளவர் சிரித்த முகம். ஓட்டுக் கேட்டுப் பழகிய தமிழ் அவருக்கு நன்றாக வரும். கீழே உள்ளவர் அதிகம் பேசாதவர், மலையாளம் மட்டும். குழு உறுப்பினர்கள் ஒரு பக்கம், எம்.எல்.ஏ.க்கள் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தோம். சுவரோரம் அப்பாவும் லயத்து ஆட்களும். கட்டில்களுக்குப் பக்கத்தில் தங்கையும் அவளோடு படிக்கிற பெண்களும் விறைத்து நின்றார்கள்.

"எந்தா டீச்சரே, நம்ம தாலூக்கா ஆஸ்பத்திரி இதைக் கண்டு படிக்கணுமே!" என்று மேலே உள்ளவர் விரிப்பைத் தொட்டுப் பார்த்தார். சுவரோரம் எல்லோர் முகமும் மலர்ந்தது.

தலைவர் எழுந்து கோரிக்கையைப் படித்தார். கூரை பழுதடைந்து மழைநீர் ஒழுகுவதால் செய்முறை வகுப்பு நடத்த இயலாத நிலை. அவர் 'ஒழுகுவதால்' என்று சொல்லி வாய் மூடவில்லை, மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை அல்ல. தகரத்தின் மேல் கூடை கூடையாகக் கல் கொட்டுகிற மாதிரி. பேச்சு கேட்கவில்லை. தலைவர் நிறுத்தினார். அறையில் இருந்த அத்தனை பேரும் தலையை நிமிர்த்தி மேலே பார்த்தோம். நான் வேண்டிக்கொண்டேன். ஒரு சொட்டு. ஒரே ஒரு சொட்டு, அந்தச் சிரித்த முகத்தில் விழட்டும்.

விழவில்லை. பத்து நிமிடம் கொட்டியது. ஒன்றும் விழவில்லை. அப்பா பக்கத்தில் நின்றவரை முழங்கையால் இடித்ததைப் பார்த்தேன்.

மழை குறைந்ததும் கீழே உள்ளவர் முதல் தடவையாக வாயைத் திறந்தார். தன் பக்கத்துக் கல்லூரியில் பிள்ளைகளுக்கு உட்கார பெஞ்சுகூட இல்லை, மேல்கூரை பாதி காற்றில் போய்விட்டது, அதை ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல் என்றார். நியாயமாகத்தான் பேசினார். அதுதான் என்னை எரித்தது.

எழுந்தேன். மலையாளத்தில்தான் ஆரம்பித்தேன். "சார், இந்தக் கூரை இரண்டு நாளுக்கு முன்னால் கட்டியது. சாக்கும் தார்ப்பாயும். இந்தக் கட்டிலெல்லாம் இரவல்." அப்புறம் தமிழ் வந்துவிட்டது. "ராத்திரி முழுக்க வேலை பாத்துட்டு எங்கப்பா ஏறிக் கட்டுனது சார். அடுத்த காத்துல பிச்சிக்கிட்டுப் போயிரும்."

மேலே உள்ளவர் அப்பாவைத் தேடிக் கண்டுபிடித்தார். எழுந்து போய்க் கையைப் பிடித்துக் குலுக்கினார். "கண்டோ?" என்று கீழே உள்ளவரிடம் திரும்பினார். "இதுதான் மக்கள் பங்களிப்பு. கவர்மெண்ட் பைசாவுக்குக் காத்திருக்கலை, அவங்களே இறங்கிச் செஞ்சுட்டாங்க. எல்லா இடத்திலும் இப்படி ஆட்கள் இருந்தா நமக்கு எந்தா பணி?" கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள். நான் சொன்ன உண்மை எனக்கு எதிராகவே கைதட்டல் வாங்கியது. அப்பா கூச்சத்தில் நெளிந்தார். அவர் கையைப் பிடித்து யாரும் குலுக்கி நான் பார்த்ததில்லை.

பிறகு மேலே உள்ளவர் யோசனை சொல்ல ஆரம்பித்தார். நோயாளிப் பராமரிப்பு எதற்கு? இது டூரிஸ்ட் வருகிற ஜில்லா. மசாஜ், ஸ்பா என்று ஒரு கோர்ஸ் கேளுங்கள், டூரிசத்தில் பணம் கிடக்கிறது, நான் வாங்கித் தருகிறேன். தலைவர் ஆலோசிக்கலாம் என்றார். அப்போது கட்டில் பக்கத்திலிருந்து தங்கையின் குரல் வந்தது.

"சார், டூரிஸ்டுக்குக் காய்ச்சல் வராதா?"

அறையே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "நாளைக்குக் காலையில இந்தக் கட்டில எடுத்துட்டுப் போயிருவாங்க சார். அப்புறம் நாங்க எதுல பழகறது?"

"மிடுக்கி, கெட்டிக்காரி!" என்றார் மேலே உள்ளவர், கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டு. "இவளுக்கு கோர்ஸ் எதுக்கு டீச்சரே? அடுத்த பஞ்சாயத்து எலெக்ஷன்ல நிறுத்திரலாம்." அதோடு அவளுடைய கேள்வியும் முடிந்தது. டீ வந்தது. போட்டோ எடுத்தார்கள். கட்டில்கள் போட்டோவில் மிக அழகாக விழுந்திருந்தன.

மறுநாள் காலையில் கட்டிலை ஜீப்பில் ஏற்றும்போது அப்பாவும் நானும் சண்டை போட்டோம்.

"யாருப்பா ஒங்கள இதச் செய்யச் சொன்னா?"

"யாரு சொல்லணும்? ஒம் தங்கச்சி படிக்கிற எடம். நாறிக் கெடந்தா நம்ம மானம் போகாதா?"

"மானம் போயிருந்தா பணம் வந்திருக்கும்."

அப்பா கட்டிலைக் கீழே வைத்தார். "ஏலே, குமுளியில ஒன்ன வேலைக்குக் கூப்பிட்டானே, அன்னைக்கு ஒன்ன எப்பிடி அனுப்புனேன்? கிழிஞ்ச சட்டையோடயா அனுப்புனேன்? பக்கத்து வீட்டுல பேண்ட்டு எரவல் வாங்கி, தேச்சுப் போட்டு அனுப்புனேன். வறுமையக் காட்டியா ஒனக்கு வேலை குடுத்தான்?"

அவர் சொன்னது அவர் வாழ்க்கையில் ஒவ்வொரு தடவையும் சரியாகத்தான் இருந்திருக்கிறது. இந்த ஒரு தடவைதான் இல்லை. அதை எந்த மொழியில் சொல்வது என்று தெரியாமல் கட்டிலின் மறுமுனையைத் தூக்கினேன்.

ஆகஸ்டில் முடிவு வந்தது. இரண்டு எம்.எல்.ஏ.க்களின் தொகுதி நிதியும் கீழே உள்ளவர் சொன்ன அந்த பெஞ்சில்லாத கல்லூரிக்கு. எங்களுக்கு ஒரு பாராட்டு. குழுவில் டீச்சர் மட்டும் விடவில்லை. பிளாக் ஆபீஸுக்கு மூன்று முறை போய், கட்டிடத்தை ஓவர்சியர் நேரில் வந்து பார்க்க ஏற்பாடு செய்தார். அவர் அறிக்கை கொடுத்தால் வேறு கணக்கில் கூரைக்கு வழி உண்டு என்று சொன்னார்களாம். இந்த முறை நான் ஒரு நாள் லீவு எடுத்து முதல் நாளே வந்தேன். கூரையில் ஏறித் தகரத்தைத் தள்ளினேன், தார்ப்பாயை அவிழ்த்தேன். கீழே சாக்குக் கூரையை அறுத்து இறக்கினேன். கட்டியவரைக் கூப்பிடவில்லை. ஆனாலும் வந்தார். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் இறங்கியதும் தரையில் விழுந்திருந்த குப்பையைக் கூட்டப் போனார். "கூட்டாதீங்கப்பா" என்றேன். விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

ஓவர்சியர் வந்தார். எதையும் மறைக்காமல் காட்டினோம். ஓட்டை, பாசி, உத்தரத்தில் கரையான், கால் ஒடிந்த கட்டில், நிரம்பிய பக்கெட். அவர் சிரத்தையான ஆள். எல்லாவற்றையும் தட்டித் தட்டிப் பார்த்தார். எங்களுக்கு நம்பிக்கை ஏறிக்கொண்டே போனது. பத்து நாள் கழித்து அறிக்கை வந்தது. கட்டிடத்துக்கு ஃபிட்னஸ் கொடுக்க முடியாது. பிள்ளைகளின் பாதுகாப்பை முன்னிட்டு இந்த அறையில் எந்த வகுப்பும் நடத்தக் கூடாது.

நன்றாகக் காட்டினால் பணம் தேவையில்லை. மோசமாகக் காட்டினால் அறையே தேவையில்லை. இதற்கு நடுவில் எவ்வளவு ஒழுகினால் சரியாக இருந்திருக்கும் என்று நான் இன்றுவரை யோசிக்கிறேன். ஓவர்சியரைக் குறை சொல்ல முடியவில்லை. கீழே உள்ள எம்.எல்.ஏ.வையும் குறை சொல்ல முடியவில்லை. அப்பாவையும் முடியவில்லை. எல்லோரும் அவரவர் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தார்கள். அறைக்குப் பூட்டுப் போட்டார்கள்.

இரண்டாம் வருடம் டவுனுக்குப் போனது. தங்கையோடு படித்தவர்களில் ஒருத்தி குமுளியில் மசாலாக் கடையில் நிற்கிறாள். இரண்டு பேர் தற்காலிகமாகக் கொழுந்து எடுக்கப் போனார்கள். மற்றவர்கள் வீட்டில். தங்கை மட்டும் மெயின் ரோட்டு முக்குவரை நடந்து, அங்கே விடிவதற்கு முன்னால் வருகிற பஸ்ஸில் போனாள். யானை நடமாட்டம் இருப்பதால் இருட்டில் அப்பா முக்குவரை கொண்டுபோய் விடுவார். ஒரு மாதம் போய்விட்டு ஒரு நாள் எனக்கு போன் செய்தாள்.

"அங்க பத்துக் கட்டிலு இருக்குண்ணே. பொம்மை நோயாளிகூட இருக்கு. ஆனா செய்முறை மத்தியானம் மூணு மணிக்கு மேலதான். நம்ம ஊருக்குக் கடைசி பஸ் மூணே காலுக்கு. நான் இன்னைக்கு வரைக்கும் ஒரு கட்டிலத் தொடல."

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். இந்த முறை ஆரம்பத்திலிருந்தே தமிழில், கொஞ்சம் சத்தமாகவே. செய்முறையைக் காலையில் மாற்றச் சொல்லுங்கள், அதற்கு எம்.எல்.ஏ.வும் வேண்டாம், பணமும் வேண்டாம் என்றேன். தலைவர் ஆலோசிக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தார். டீச்சர் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அங்கேயே டவுன் கல்லூரிக்குப் போன் போட்டார். அவர்கள் பதில் மரியாதையாக இருந்தது. ஒரு மாணவிக்காக நேரத்தை மாற்ற முடியாது. மலையிலிருந்து ஐந்து பேராவது வந்தால் தனியாகக் காலை வகுப்பு போடலாம்.

வீட்டில் சொன்னேன். மறுநாள் வேலை முடிந்ததும் அப்பாவே கிளம்பி, விட்டுப்போன பெண்களின் வீடுகளுக்குப் போனார். ஆபீஸில் கைகட்டி நிற்கிறவர்தான். ஆனால் பக்கத்து லயத்தில் போய் வீடு வீடாகக் கேட்டுப் பழக்கமில்லாதவர். முக்குவரை எல்லாப் பிள்ளைகளையும் நானே கொண்டுவந்து விடுகிறேன், என்னை நம்பி அனுப்புங்கள் என்று சொல்லியிருக்கிறார். மூன்று வீடு சம்மதித்தது. தங்கையோடு சேர்த்து நாலு. இன்னும் ஒரு பெண் வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை அபூர்வமாக லீவு கிடைத்தது. நானும் கூடப் போனேன். அந்தப் பெண் மூன்று மாதமாகக் கொழுந்து எடுக்கிறாள். கூலி வீட்டுக்கு வந்து பழகிவிட்டது. அவள் அம்மா வாசலிலேயே நிறுத்திப் பேசினாள்.

"அண்ணே, கோவிச்சுக்காதீக. வெள்ளையடிச்சே பள்ளிக்கூடத்த மூடுனது நீங்க. ஓட்டையப் பிரிச்சுக் காட்டி மறுபடியும் மூடுனது ஒங்க மகன். இப்ப அப்பனும் மகனும் சேந்து எம் பிள்ளையக் கேட்டு வந்துருக்கீக."

நான் ஏதோ சொல்லப் போனேன். அப்பா என் கையைத் தொட்டு நிறுத்தினார்.

"ஆமா தாயி, ரெண்டு பேருந்தான் மூடுனோம்," என்றார். "அதான் ரெண்டு பேரும் வந்துருக்கோம்."

அவள் உள்ளே திரும்பி, "ஏட்டி, ஒன் பொஸ்தகமெல்லாம் இருக்கா, அடுப்புல போட்டுட்டியா?" என்று கேட்டாள். உள்ளேயிருந்து பதில் வருவதற்குள் எங்களிடம், "வியாழக்கெழம சம்பளம். அன்னைக்கு அவுக அப்பாகிட்டக் கேட்டுட்டுச் சொல்றேன். இப்ப போங்க" என்றாள்.

இன்று செவ்வாய்.